ட்ரோனுக்கு விரித்த வலை

பட்டினப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் கடல் என்றாலே குமட்டுகிற ஒரே ஆள் ஏசுராஜாகத்தான் இருக்க வேண்டும். மீசை அரும்பிய வயதில் அவன் அப்பா அவனை முதல் தடவை படகில் ஏற்றினார். கரை அலையைத் தாண்டுவதற்குள் காலையில் குடித்த கஞ்சி, முந்தின நாள் சாப்பிட்ட கல்யாணப் பிரியாணி எல்லாம் கடலுக்குள் போய்விட்டது. "மீனுக்குத் தீனி போடவா உன்னைக் கூட்டியாந்தேன்?" என்று திட்டிக்கொண்டே படகைத் திருப்பிக் கொண்டுவந்து அவனை மணலில் இறக்கிவிட்டார். அதோடு அவனுடைய கடல் வாழ்க்கை முடிந்தது. கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைக் கட்டு என்றார்கள். நாலைந்து வருஷம் கட்டினான். விரலெல்லாம் காய்த்துப்போனது. அதுவும் பிடிக்காமல், தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே ஏ.சி. இருந்தது. முக்கியமாக, தரை ஆடவில்லை.

கடல் மட்டும் இல்லை, அவனுக்குப் பல விஷயங்களில் பயம். தீபாவளிக்கு லட்சுமி வெடி வெடித்தால் கட்டிலுக்கு அடியில் போவான். தெருநாய் இருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றி வருவான். கடையில் லிஃப்ட் நின்றுவிடுமோ என்று நாலு மாடியும் படியேறுவான். அதே கடையில் பில் போடுகிற ஏஞ்சல் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துச் சிரித்தே அவனைக் காதலித்தாள். கல்யாணமும் ஆனது.

ஏஞ்சல் வாழ வந்த இடத்தில்தான் சிக்கல். ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரே அறை. அதில் அப்பா, அம்மா லூர்துமேரி, தங்கைகள், இவர்கள் இரண்டு பேர். புருஷனும் பெண்டாட்டியும் தனியாக நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் பஸ் பிடித்துப் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போக வேண்டும். அங்கேயும் ஏசுராஜ் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான்.

"நமக்குன்னு ஒரு ரூம் வோணும் மாமா" என்றாள் ஏஞ்சல். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

சைதாப்பேட்டை கோர்ட்டுக்குப் பக்கத்து சந்தில் செம்பியன் என்று ஒரு ஏஜென்ட் இருந்தான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவன். பவுடர் பூசிய முகமும் இனிக்கிற பேச்சுமாக இருப்பான். ரஷ்யாவில் பெரிய குடோன் ஒன்றில் வேலை இருக்கிறது, பெட்டியை எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றான். ஏசுராஜ் எதற்கும் கேட்டுவைத்தான்.

"சார், அந்த ஊர்ல சண்டை நடக்குதுன்னு டிவில காட்டிக்கினே கீறாங்களே?"

"அது எங்கியோ பார்டர்ல நடக்குது நைனா. கிண்டில ரேஸ் ஓடுனா மைலாப்பூர்ல குதிரை வருதா?"

அந்தப் பதில் ஏசுராஜுக்கு மிகவும் சரியாகப் பட்டது. ஏஞ்சலுக்குப் படவில்லை. வேண்டாம் மாமா, ரூம் வேறு மாதிரி பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வாரம் சொன்னாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தைரியமாக ஒரு காரியம் செய்யப்போகிறோம் என்ற மிதப்பில் அவன் கேட்கவில்லை. லூர்துமேரி சாந்தோம் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கருவாட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

விமானம் இறங்கிய இடத்தில் ஒருவன் வந்து கூட்டிப்போய் பஸ்ஸில் ஏற்றினான். ஜன்னலுக்கு வெளியே எங்கே பார்த்தாலும் வெள்ளை. பஸ் நின்ற இடத்தில் குடோன் எதுவும் இல்லை. முள்வேலியும் கூடாரங்களும்தான் இருந்தன. முதல் மேஜையில் தடித்த பச்சை உடுப்பும் பூட்ஸும் கொடுத்தார்கள். குளிருக்கு நல்லதாகத்தான் கொடுக்கிறார்கள் என்று சந்தோஷமாக வாங்கி மாட்டிக்கொண்டான். அடுத்த மேஜையில் துப்பாக்கியை நீட்டினார்கள்.

"அய்யய்யோ! இத்த வச்சிக்கினு நா இன்னா பண்றது?" என்று வாய்விட்டுக் கத்திவிட்டான்.

வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மச்சி, மெட்ராஸா நீ?"

அப்படிக் கிடைத்தவன்தான் அப்துல் சமத். ராயப்பேட்டைக்காரன். தாடி, தொந்தி, எதற்கும் ஒரு கிண்டல். ஏ.சி. மெக்கானிக். அவனையும் செம்பியன்தான் அனுப்பியிருந்தான், ஏ.சி. ரிப்பேர் வேலை என்று சொல்லி.

"இந்தக் குளிர்ல எவனுக்குடா ஏ.சி. வோணும்? ஃப்ளைட் ஏறுறதுக்கு மின்னாடி அத்த யோசிச்சிருக்கணும் மச்சி. எனக்கு மூளை ஆஃப்ல இருந்துச்சு" என்றான்.

இரண்டு பேரும் நாங்கள் வந்தது சண்டைக்கு இல்லை என்று கைகால் ஆட்டிச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு அதிகாரி கைப்பேசியில் ஏதோ பேசி, அதை ஆங்கிலமாக்கிக் காட்டினார். நீங்கள் படையில் சேர்ந்துவிட்டீர்கள், ஒரு வருஷம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று வந்தது. அதோடு எல்லோருடைய கைப்பேசிகளையும் வாங்கி ஒரு மூட்டையில் போட்டார்கள்.

பயிற்சி கொடுத்தவருக்குப் பெரிய மீசை. அவர் பெயர் வாயில் நுழையாததால் இவர்களுக்கு அவர் மீசைக்காரர். துப்பாக்கியைத் தூக்கினால் ஏசுராஜுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். அவன் சுடப்போகிறான் என்றால் பக்கத்தில் நிற்கிற எல்லோரும் தரையில் படுத்துக்கொள்வார்கள், மீசைக்காரர் உட்பட. நாலு நாள் பார்த்துவிட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டு இவனைப் பெட்டி தூக்குகிற கூட்டத்தில் தள்ளினார். சமத்தும் தன் தொந்தியின் புண்ணியத்தில் அதே கூட்டத்தில் வந்து விழுந்தான்.

"குடோன் வேலைன்னு செம்பியன் உன்கிட்ட சொன்னது பொய்யில்ல போலக்கீதே" என்றான் சமத், தோட்டாப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டே.

ஆனால் அந்தப் பெட்டிகள் போகிற இடம் போர்முனை. லாரி வந்து நிற்கிற இடத்திலிருந்து பதுங்குகுழி வரைக்கும் ஒரு உடைந்த தார்ச்சாலை. அதில்தான் சுமந்துகொண்டு ஓட வேண்டும். தலைக்கு மேலே ட்ரோன். தட்டு அளவுக்குத்தான் இருக்கும். அடியில் வெடிகுண்டு கட்டியிருப்பார்கள். எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒருவன் அதன் கண் வழியாகப் பார்த்து, ஆளைத் துரத்திக்கொண்டு வருவான். ஆள் திரும்பினால் அதுவும் திரும்பும்.

முதல் வாரத்திலேயே ஒரு நேபாளக்காரர் போய்விட்டார். இரண்டு பெண்குழந்தைகளுக்குத் தகப்பன். தனக்குக் கிடைத்த சாக்லேட்டில் பாதியை எப்போதும் ஏசுராஜுக்கு உடைத்துக் கொடுப்பார். அன்று காலை முன்னால் போனவர், திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். அவ்வளவுதான். ஏசுராஜும் சமத்தும்தான் அவரைத் தூக்கி வந்தார்கள். அன்று ராத்திரி தனக்குக் கிடைத்த சாக்லேட்டில் பாதியைச் சமத் உடைத்து ஏசுராஜிடம் நீட்டினான்.

அன்றைக்கு ஏசுராஜ் ஒரு முடிவுக்கு வந்தான். யாரையும் சுடுவதில்லை. யார் கையாலும் சாவதில்லை. இதில் முதலாவது சுலபம், அவன் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். இரண்டாவதற்கு அவனிடம் இருந்த ஒரே ஆயுதம் பயம். பயம் அவன் காதைத் தீட்டி வைத்திருந்தது. மற்றவர்களுக்குக் கேட்பதற்கு முன்பே அவனுக்கு ட்ரோனின் அந்தக் குளவிச் சத்தம் கேட்டுவிடும். பெட்டியைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் விழுவான். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் சிரிப்பதை நிறுத்திவிட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். அவன் முகம் மாறினால் மொத்தக் கூட்டமும் பள்ளத்தில் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் மீசைக்காரர் சாலையில் நின்று, "செத்! செத்!" என்று கத்தினார்.

"யாரு பாய் செத்தது?" என்று நடுங்கிப்போய்க் கேட்டான் ஏசுராஜ்.

"தெரிலியே. ரெண்டு தபா சொல்றாரு. ரெண்டு பேரு போலக்கீது" என்று சமத் நெஞ்சில் கை வைத்தான்.

மீசைக்காரர் பொறுமை இழந்து லாரியின் பின்கதவைத் திறந்து காட்டினார். உள்ளே சுருட்டிச் சுருட்டி வைத்த மீன்வலை. அவர்கள் பாஷையில் வலைக்கு அதுதான் பெயராம். சாலையின் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, மேலேயும் பக்கத்திலும் வலையைக் கட்டி, சாலையையே ஒரு நீளமான கூண்டாக்கப் போகிறார்கள். ட்ரோன் வந்தால் இறக்கை வலையில் சிக்கிக்கொள்ளும்.

ஏசுராஜ் ஒரு சுருளைத் தொட்டுப் பார்த்தான். நைலான் வலை. மீன் வாடைகூட இன்னும் போகவில்லை. எந்தச் சனியனிடமிருந்து தப்பித்து ஜவுளிக்கடைக்கு ஓடினானோ அது இத்தனை தூரம் தேடிக்கொண்டு வந்து எதிரில் நின்றது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்து இத்தனை நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

வலை கட்டி முடித்தார்கள். ஆனால் அடிக்கடி கிழிந்தது. லாரியின் கூரை உரசும், குண்டுச் சிதறல் அறுக்கும், பனி கனத்துத் தொங்கும். கிழிந்த இடத்தைக் கம்பியால் முறுக்கி விட்டுவிடுவார்கள். மறுநாள் அதே இடம் இன்னும் பெரிதாகப் பிளந்திருக்கும். அந்த ஓட்டைகளுக்குக் கீழேதான் தினமும் ஓட வேண்டும் என்கிற எண்ணமே ஏசுராஜுக்குத் தாங்கவில்லை. தோட்டாப் பெட்டியின் பலகை ஒன்றைச் சீவி வலை ஊசி செய்தான். நூலைச் சுற்றிக்கொண்டு, சமத்தைக் கீழே குனிய வைத்து, அவன் தோள்மேல் ஏறி நின்று கட்ட ஆரம்பித்தான். அறுந்த வலைக்கண்ணை எடுத்து, முடிச்சு போட்டு, இழுத்து, அடுத்த கண். கை தானாக ஓடியது.

"மச்சி, முடிஞ்சிதா? என் இடுப்பு முடிஞ்சிது" என்று கீழே இருந்து முனகல் வந்தது.

"தோ, ரெண்டு கண்ணு."

"கால் மணி நேரமா ரெண்டு கண்ணுன்னுதான் சொல்லிக்கினு கீறே!"

பின்னால் மீசைக்காரர் வந்து நின்றதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அவர் வலையைப் பிடித்து இழுத்தார். தொங்கிப் பார்த்தார். அவருடைய பெரிய உடம்பையும் அது தாங்கியது. அடுத்த நாள் ஆள் பற்றாமல் பெட்டி தூக்குகிறவர்களையும் சண்டைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். பதுங்குகுழியை விட்டு முன்னேறித் தாக்கப்போகிறவர்களின் வரிசையில் ஏசுராஜும் சமத்தும் நின்றபோது, அவர் வந்து ஏசுராஜை மட்டும் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். "செத்" என்று வலையைக் காட்டினார்.

ஏசுராஜ் சமத்தைப் பார்த்தான். சமத் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

உடனே ஏசுராஜ் தன் தோளைத் தட்டிக் காட்டினான், சமத்தைக் காட்டினான், ஏறி நிற்பது போல நடித்தான், சமத் இல்லாவிட்டால் தொப்பென்று விழுவது போலத் தரையில் விழுந்தே காட்டினான். எழுந்து மறுபடியும் விழுந்தான். தியாகராய நகரில் ஒரு சேலையும் வாங்கமாட்டேன் என்று வந்தவர்களை மூன்று சேலையோடு அனுப்பிய அத்தனை சாமர்த்தியமும் அதில் இருந்தது. மீசைக்காரர் சிரித்துவிட்டார். கையை ஆட்டி, கூட்டிக்கொண்டு போ என்றார்.

"என்னைப் போயி ஏணின்னு சொல்லிட்டியே மச்சி" என்றான் சமத். கொஞ்ச தூரம் வந்த பிறகு, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மாதக்கணக்கில் அந்தச் சாலைதான் அவர்களுடைய உலகம். மீசைக்காரர் எப்போதாவது தன் கைப்பேசியைக் கொடுப்பார். ஏஞ்சலின் குரல் கேட்கும்.

"துன்னியா மாமா?"

"துன்னேன். நீ?"

"உன்னைக் கூட்டியாரச் சொல்லி நா பாக்காத ஆபீஸ் இல்ல. அத்தையும் நானும் செம்பியன் ஆபீஸ்ல போயி உக்காந்துட்டோம்."

"உக்காந்து?"

"அத்தை மீன்கூடையோட வந்தாங்க. என் புள்ளை வர்ற வரைக்கும் இங்கதான் யாவாரம்னு கூடையை நடு ஹால்ல வச்சிட்டாங்க. மத்தி, காரப்பொடி, கவலைன்னு எல்லா மீனும் கீது. ஃபேனைப் போட்டா நாத்தம், நிறுத்துனா ஈ. ஒரு பார்ட்டி உள்ள வரல. நேத்து போலீஸைக் கூப்ட்டான் அந்த ஆளு. வந்த இன்ஸ்பெக்டரு கதையைக் கேட்டுட்டு அவனையே வண்டில ஏத்திக்கினு போய்ட்டாரு."

ஏசுராஜ் பதுங்குகுழியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தான். சுற்றிலும் இருந்தவர்கள் இவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தார்கள். அவன் சமத்துக்குச் சொல்ல, சமத் கைகாலை ஆட்டி மற்றவர்களுக்குச் சொல்ல, மீன் கூடைக்காரியின் கதை பதுங்குகுழி முழுவதும் பரவியது.

பனி கரைந்து சேறானபோது அந்தக் காலை வந்தது. வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. வானம் தெளிந்திருந்தாலே ஏசுராஜுக்கு ஆகாது. ஒரு கம்பத்துக்குப் பக்கத்தில் வலை பிரிந்திருந்தது. இப்போது ஒரு நிஜ ஏணி கிடைத்திருந்ததால் சமத் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏசுராஜ் மேலே ஏறி மூன்று முடிச்சு போட்டிருப்பான், அவனுக்குக் காது விடைத்தது.

"பாய், கீழ!"

குதித்தான். ட்ரோன் வலைக்கு வெளியே கம்பத்தின் அடியில் மோதி வெடித்தது. கம்பம் சாய்ந்தது. பக்கத்துக் கம்பமும் கூடவே வந்தது. மொத்த வலையும் சரிந்து இரண்டு பேர் மேலும் போர்வை மாதிரி விழுந்தது. ஏசுராஜ் கையைத் தூக்கினால் விரல் சிக்கியது, காலை இழுத்தால் பூட்ஸ் சிக்கியது. சமத்தின் தொடையிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஏசு, ஓடிடு. என்னால எழுந்திரிக்க முடியல."

அதற்குள் இரண்டாவது ட்ரோனின் சத்தம் கேட்டது. அது நேராக இவர்களைப் பார்த்துத்தான் வந்தது. ஏசுராஜ் அதன் முகத்தைப் பார்த்தான், ஒரு கண்ணாடிக் கண். அம்மா, மாதாவே என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். வெடிக்கவில்லை. திறந்து பார்த்தால், சாயாமல் மிச்சமிருந்த கம்பத்திலிருந்து இறங்கிய வலையில் அது மாட்டிக்கொண்டு தொங்கிற்று. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். இறக்கைகள் வலையைச் சுற்றிக்கொண்டு துடித்தன. ஒவ்வொரு துடிப்புக்கும் வலை குலுங்கியது. தரையில் பட்டால் முடிந்தது கதை.

அந்த இடத்தை விட்டு ஓடச் சொல்லி உடம்பு முழுவதும் கெஞ்சியது. கத்தியை எடுத்தான். மாதக்கணக்கில் கண் கண்ணாகக் கட்டிய வலையை அடியிலிருந்து அறுத்தான். அவன் முடிச்சு நல்ல முடிச்சு, சீக்கிரத்தில் அறுபடவில்லை. தன் வேலையைத் தானே திட்டிக்கொண்டு அறுத்தான். ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி கிடைத்தது. சமத்தின் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"ஓடிடுன்னு சொன்னேனே!"

"ஓடத்தான் போறேன். உன்னையும் இழுத்துக்கினுதான் ஓடுவேன். தனியா ஓட பயமா கீது பாய்!"

இழுத்தான். சமத் ஒரு கையால் தரையை உந்தினான். அவன் தொந்தி ஓட்டையில் மாட்டிக்கொண்டது. "மூச்சை இழு பாய்!" என்று கத்தினான் ஏசுராஜ். சமத் இழுத்தான். இரண்டு பேரும் உருண்டு பள்ளத்துச் சேற்றுக்குள் விழுந்தார்கள். விழுந்து ஏசுராஜ் சமத்தின் மேல் கவிழ்ந்த அதே நேரம் மேலே வானம் பிளந்த மாதிரி ஒரு சத்தம். மண்ணும் கல்லும் முதுகில் கொட்டின.

அதற்குப் பிறகு ஏசுராஜுக்கு இடது காதில் ஒரே ரீங்காரம். மீசைக்காரர் ஓடிவந்து இரண்டு பேரையும் புரட்டிப் பார்த்ததும், உயிர் இருப்பது தெரிந்து அவர் ஏதேதோ சொல்லித் திட்டியதும் மங்கலாக நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். சமத்தின் தொடையிலிருந்து இரும்புத் துண்டுகளை எடுத்தார்கள். ஏசுராஜின் தோளில் தையல் போட்டார்கள்.

"மச்சி, இனிமே நா பட்டினி கெடந்தாச்சும் தொந்தியைக் கொறைச்சிடறேன்" என்றான் சமத். மத்தியானச் சாப்பாடு வந்ததும் இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அங்கே படுத்திருந்தபோதுதான் செய்தி வந்தது. ஏமாந்து வந்த இந்தியர்களைத் திருப்பி அனுப்பப் பேச்சு நடந்து, இவர்கள் பெயரும் அதில் சேர்ந்திருந்தது. ஏஞ்சல் ஏறி இறங்கிய அத்தனை மாடிப்படிகளுக்கும் பலன் கிடைத்துவிட்டது. கிளம்புகிற அன்று மீசைக்காரர் வந்தார். ஏசுராஜைக் கட்டிப்பிடித்து, "செத்" என்று அவன் முதுகில் தட்டினார். அவனும் அவரைத் தட்டி, "சாவாதீங்க சார்" என்று தமிழில் சொன்னான். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினார்.

மீனம்பாக்கத்தில் வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. அடுத்த அறை லூர்துமேரி கொடுத்தது. கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டுவிட்டு, அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டு ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். ஏஞ்சல் அழவில்லை. அவன் தோள், கை, விரல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, "மேற்கு மாம்பலத்துல ஒரு வூடு பாத்துட்டேன் மாமா. ஒரு ரூம், ஒரு கிச்சன். ஸ்டேஷன் பக்கம். ட்ரெயின் சத்தம் கேக்கும், பரவால்லியா?" என்றாள்.

"நல்ல சத்தந்தானே அது" என்றான் அவன், வலது காதைத் திருப்பிக்கொண்டு.

பட்டினப்பாக்கத்தில் பெரிய ஃபிளக்ஸ் வைத்திருந்தார்கள். யாரோ ஒரு பயில்வானின் உடம்பில் ஏசுராஜின் தலை. இரண்டு கையிலும் துப்பாக்கி. கீழே ‘எங்கள் குப்பத்துப் புலியே வருக’ என்று போட்டிருந்தது. ஏசுராஜ் அதைப் பார்த்துவிட்டு மாலை போட வந்தவர்களிடம் நிதானமாகச் சொன்னான்.

"நா ஒருத்தனையும் சுடலண்ணே. ஓடுனேன், ஒளிஞ்சேன், வலை கட்டுனேன். என்கூட இருந்த ஒருத்தரு சாக்லேட் குடுப்பாரு, அவரு வரல. இத்த இறக்கிடுங்க."

அப்புறம் இரண்டு பேர் ஏறிக் கழற்றினார்கள். அந்த ஃபிளக்ஸை லூர்துமேரி விடவில்லை. மடித்து எடுத்துப்போய், மீன் விற்கிற இடத்தில் வெயிலுக்குக் கூரையாகக் கட்டிக்கொண்டாள். புலி உள்பக்கம் பார்த்தபடி இருந்தது.

உடம்பு ஊருக்கு வந்துவிட்டது, காது மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அடுத்து வந்த பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் திருவிழாவுக்கு ஏஞ்சல் அவனை அழைத்துப் போனாள். கூட்டம் என்றால் கூட்டம், வடக்கு மாட வீதியில் நீர்மோரும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்தோஷமாக ஒரு டம்ளர் மோரை வாயில் வைத்தவன், டம்ளரைப் போட்டுவிட்டு நடுத்தெருவில் குப்புறப் படுத்துவிட்டான். மேலே ஊர்வலத்தைப் படம் பிடிக்கிற கேமரா ட்ரோன் பறந்துகொண்டிருந்தது.

சுற்றிலும் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். யாரோ வலிப்பு என்றார்கள், யாரோ சாவியைக் கொடு என்றார்கள். ஏசுராஜுக்கு அது மயிலாப்பூர் என்று தெரிந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

ஏஞ்சல் அவனை எழுப்பவில்லை. புதுச் சேலையோடு பக்கத்தில் அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டாள். அவன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "கல்யாணத்துல பறக்கவுடற கேமரா மாமா அது. போட்டோதான் புடிக்கும். போனப்பறம் சொல்லு, எழுந்துக்கலாம்" என்றாள்.

அவர்கள் படுத்திருப்பதைப் பார்த்து, சாமிக்கு ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்த ஒரு அம்மாள் இரண்டு பேர் தலையிலும் விபூதி போட்டுவிட்டுப் போனாள். ஏஞ்சலுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவனுக்கும் வந்தது. சத்தம் தூரப் போனதும் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, மறுபடியும் மோர் வரிசையில் போய் நின்றார்கள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை விழுந்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சீக்கிரமாக எழுந்தான்.

ஜவுளிக்கடையில் மறுபடி வரச் சொன்னார்கள். அதற்குள் சமத் வேறு ஒரு யோசனையோடு வந்துவிட்டான். ஏ.சி. மாட்டப் போகிற வீட்டில் எல்லாம் பால்கனியில் புறாத் தொல்லை என்று புலம்புகிறார்களாம். வலை கட்டக் கூப்பிட்டால் வருகிறவர்கள் நாலு ஆணியை அடித்துவிட்டுப் போய்விடுகிறார்களாம், ஒரே மாதத்தில் தொங்கிவிடுகிறதாம்.

"புறா குண்டு போடாது மச்சி" என்றான் சமத்.

"போடுமே" என்றான் ஏசுராஜ். "ஆனா தொடைச்சிக்கலாம்."

இப்படித்தான் ஆரம்பித்தது. அடையாறு, ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர் என்று வேலை பிடித்துக்கொண்டது. கால் இன்னும் மடங்காததால் சமத் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அளவு எடுப்பான், வீட்டுக்காரர்களோடு பேசுவான், காபி வந்தால் வாங்கிக்கொள்வான். ஏசுராஜ் கட்டுவான்.

போன வாரம் லஸ் பக்கம் ஒரு ஐந்தாவது மாடியில் வேலை. வீட்டுக்காரி பங்கஜம், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவன் கட்டி முடித்த வலையை ஒரு மூலை விடாமல் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"ரொம்ப நேர்த்தியா இருக்கே! ஆத்துல இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்து கட்டிட்டுப் போனா, ஒண்ணும் நிக்கலை. நீங்க எங்க கத்துண்டேள்?"

"குப்பத்துல கத்துக்கினேன் மேடம். அப்பறம் வெளிநாட்டுல கொஞ்ச நாள் பழக்கம்" என்றான் ஏசுராஜ்.

"வெளிநாட்டுலயா? அங்க என்ன கம்பெனி?"

ஏசுராஜ் சமத்தைப் பார்த்தான். சமத் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பெரிய கம்பெனி மேடம். மேல பாத்துக்கினே வேலை செய்யணும். லீவு குடுக்க மாட்டாங்கோ" என்றான்.

"அப்படிப்பட்ட வேலையை விட்டுட்டா வந்தேள்?"

"வூட்ல ரொம்ப கூப்ட்டாங்க மேடம்" என்றான் ஏசுராஜ்.

பங்கஜம் அனுதாபத்தோடு உள்ளே போய் ஒரு தட்டில் முறுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனதும், வலைக்கு வெளியே ஒரு புறா வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. ஏசுராஜ் ஒரு முறுக்கை ஒடித்து, வலையின் கண் வழியாக அதற்கு நீட்டினான்.

"டேய், கஸ்டமர் வூட்ல இன்னாடா பண்றே!" என்று சமத் தலையில் அடித்துக்கொண்டான்.